தூரப் பயணத்தில் மட்டும் சூடாகும் கார்: எதை முதலில் பார்ப்பது, எதற்குப் பணம் போடுவது

ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றாலும் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. நெடுஞ்சாலையில் ஏறி ஒரு மணி நேரம் போனதும் முள் மெல்ல மேலே நகர்கிறது. வேகத்தைக் குறைத்தால் இறங்குகிறது, மறுபடி மிதித்தால் ஏறுகிறது. இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. தெர்மோஸ்டாட்டை (ரேடியேட்டருக்குப் போகும் திரவத்தைத் திறந்து மூடும் வால்வு) கழற்றிப் போடு என்பார் ஒருவர். ரேடியேட்டரை மாற்று என்பார் அடுத்தவர். இன்ஜினைக் குளிர வைக்கும் திரவமான கூலண்டை மாற்றினால் போதும் என்பார் மூன்றாமவர். ஒவ்வொருவர் சொல்வதும் யாரோ ஒருவர் வண்டிக்குச் சரியாக இருந்திருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்பதுதான் கேள்வி.

எனக்கும் இப்படி ஒரு வண்டி இருந்தது. முதலில் தெர்மோஸ்டாட் மாற்றினேன். அப்புறம் ரேடியேட்டர், அதற்கப்புறம் வாட்டர் பம்ப். மூன்றும் புதிதாக இருந்தும் அதே வேகத்தில் அதே மாதிரி முள் ஏறியது. கடைசியில் ஒரு மெக்கானிக், ராத்திரி முழுக்க நின்று ஆறியிருந்த வண்டியைக் காலையில் கிளப்பச் சொல்லி, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்தார். ஒன்றிரண்டு நிமிடத்தில் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிட்டது. ஆனால் தொட்டால் சூடே இல்லை. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் வந்துகொண்டிருந்தது. காசே செலவாகாத அந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் மூன்று பாகங்களின் விலையும் மிச்சமாகியிருக்கும்.

அதனால் எந்தப் பாகத்தை மாற்றுவது என்று ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்ஜினில் இயல்பாக உண்டாகும் சூடு வெளியே போக முடியாமல் தவிக்கிறதா, இல்லை வரக்கூடாத வாயு கூலண்டுக்குள் வருகிறதா? இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

ஏன் தூரத்தில் மட்டும்?

ஊருக்குள் சூடாவதும் நெடுஞ்சாலையில் சூடாவதும் வேறு வேறு நோய்கள். நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குக் காற்று கொடுப்பது ஃபேன். எண்பது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், ஃபேன் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே நெரிசலில் சூடாகி, ஓட ஆரம்பித்ததும் ஆறும் வண்டிக்கு ஃபேன், அதன் ரிலே, சென்சார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நம் வண்டி நேர் எதிர். இதற்கு ஃபேன் மோட்டார் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். முழு லோடில் மெதுவாக மலையேறும்போது மட்டும் சூடாகிறது என்றால் அது தனிக் கதை. அங்கே லோடும் அதிகம், காற்றும் குறைவு, ஃபேனையும் சேர்த்தே சந்தேகப்பட வேண்டும்.

காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. 80-லிருந்து 120-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், காற்றுக்காகச் செலவாகும் சக்தியோ ஏறக்குறைய 3.4 மடங்கு. எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சூடாகக் கூலண்ட் வழியே வெளியேறியாக வேண்டும். ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும் ஊருக்குள் உண்டாகும் சூட்டைச் சமாளித்துவிடும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக அந்த லோடு விழும்போதுதான் குறை வெளியே வருகிறது. ஹெட் கேஸ்கெட்டில் இருக்கும் மெல்லிய கசிவும் அப்படித்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போதுதான் அது வாயைத் திறக்கும். ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணங்கள் இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் அந்த முள் உண்மையைச் சொல்வதில்லை. குறிப்பிட்ட வெப்ப வரம்புக்குள் எத்தனை டிகிரி இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அதை அமைத்திருப்பார்கள். முள் நகர்ந்துவிட்டது என்றால் சூடு ஏற்கெனவே அதிகமாகிவிட்டது என்று பொருள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் இடம்) செருகும் சின்னக் கருவி ஒன்று இருந்தால், கூலண்டின் உண்மையான டிகிரியை ஃபோனிலேயே பார்க்கலாம். இந்தக் கோளாறைத் தேடுவதற்கு வாங்க வேண்டிய முதல் பொருள் இதுதான். பெரும்பாலான இன்ஜின்கள் 85-லிருந்து 105 டிகிரி செல்சியஸுக்குள் ஓடும். உங்கள் வண்டி நன்றாக ஓடும் நாளில் என்ன எண் காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். 110-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அதற்குமேல் ஓட்ட வேண்டாம்.

வாயு வருகிறதா என்று பார்க்க

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது நான் மேலே சொன்ன ஹோஸ் சோதனை. முழுக்க ஆறிய இன்ஜினைக் கிளப்பி, கூலண்ட் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் விறைத்துப்போனால் உள்ளே வாயு நுழைகிறது. இரண்டாவது, முந்தின நாள் நன்றாக ஓட்டிவிட்டு, ராத்திரி முழுக்க ஆற விட்டு, காலையில் இன்ஜினைக் கிளப்பாமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பது. கூலண்ட் ஆறும்போது சுருங்கும், அதனால் உள்ளே அழுத்தம் மிஞ்சியிருக்கக் கூடாது. திறந்ததும் புஸ்ஸென்று அழுத்தம் வெளியேறினால் அது வாயு விட்டுப்போன அழுத்தம். இரண்டுக்கும் செலவு இல்லை. ஆனால் கசிவு ஓரளவு பெரிதாக இருந்தால்தான் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, நீலத் திரவச் சோதனை. ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, கூலண்டுக்கு மேலே நிற்கும் காற்றை அதன் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த வாயுவில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாக மாறும். மூன்றில் நான் அதிகம் நம்புவது இதைத்தான், ஆனால் செய்கிற விதம் முக்கியம். இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, கொஞ்சம் கூலண்டை வெளியே எடுத்து இடம் விட்டு, குழாயைப் பொருத்தி, அப்புறம் கிளப்பிச் சூடாக்க வேண்டும். கூலண்டையே குழாய்க்குள் இழுத்துவிட்டால் சோதனை கெட்டுவிடும். ஐடிலில் (மிதிக்காமல் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு) ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று சொல்வதை ஏற்காதீர்கள். லோடில் மட்டும் கசியும் கேஸ்கெட் ஐடிலில் சாதுவாக இருக்கும். டீசல் இன்ஜினில் இந்த ஏமாற்றம் இன்னும் அதிகம், ஏனென்றால் ஐடிலில் அதன் புகையில் கார்பன் டை ஆக்சைடே குறைவு. வண்டியை நன்றாக மிதித்து ஓட்டி வந்து, முழுக்க ஆற விட்டு, மறுபடி ஒருமுறை சோதிப்பது நல்லது.

ஆயில் மூடியைத் திறந்து, ஆயிலில் கூலண்ட் கலந்து வெண்ணெய் மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு பழைய வழக்கம். இதை நம்பி முடிவெடுப்பதை நான் ஏற்க மாட்டேன். குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்தே அந்த வெள்ளை நுரை வரும், கேஸ்கெட் நன்றாகவே இருக்கும். அதே நேரம் சிலிண்டருக்கும் கூலண்ட் பாதைக்கும் நடுவே மட்டும் கசியும் கேஸ்கெட்டில் ஆயில் கடைசி வரை சுத்தமாக இருக்கும், சைலன்சரில் வெள்ளைப் புகையும் வராமலிருக்கலாம். என் வண்டியில் ஆயில் சுத்தமாக இருந்ததால்தான் மூன்று பாகங்கள் வரை யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

கம்ப்ரஷன் சோதனை (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்று அளப்பது)? பெரிய ஓட்டை இருந்தால் காட்டும், சின்னதைத் தவறவிடும். ஸ்பார்க் பிளக் துளை வழியாக சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று பார்க்கும் லீக் டவுன் சோதனை அதைவிடத் துல்லியமானது. எந்த சிலிண்டர் என்பதையும் அது சொல்லிவிடும். அதற்குக் கம்ப்ரசரும் கொஞ்சம் அனுபவமும் வேண்டும் என்பதால், நீலத் திரவம் சந்தேகத்தைக் கிளப்பிய பிறகு செய்தால் போதும்.

வாயு இல்லை என்றால்

இப்போது மனது லேசாகலாம். சூடு வெளியே போகவில்லை, அவ்வளவுதான். இனிமேல்தான் பாகங்களை ஒப்பிட வேண்டும். அதற்குத் தூரத்திலிருந்து சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று உதவும். பளபளப்பான உலோகத்தில் அது தப்பாகக் காட்டும், ஆகவே ரப்பர் ஹோஸ் மீதோ, கறுப்பு டேப் ஒட்டிய இடத்திலோ அளக்க வேண்டும்.

வண்டி சூடாகி நிற்கும் அந்த நேரத்திலேயே ரேடியேட்டருக்குள் போகும் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும் அளந்து பாருங்கள். போகும்போதும் வரும்போதும் கிட்டத்தட்ட ஒரே சூடு என்றால், கூலண்ட் ஓடுகிறது, ஆனால் ரேடியேட்டர் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கவில்லை. வித்தியாசம் மிக அதிகம், திரும்பி வருவது ரொம்பவும் ஆறிப்போய் வருகிறது என்றால், ரேடியேட்டர் தன் வேலையைச் செய்கிறது, கூலண்ட்தான் போதிய வேகத்தில் ஓடவில்லை. முதல் வகைக்கு ரேடியேட்டரையும் காற்றுப் பாதையையும் பாருங்கள். இரண்டாம் வகைக்கு தெர்மோஸ்டாட், பம்ப், ஹோஸ், உள் அடைப்பு. இந்த ஒரு அளவை எடுக்காமல் பாகம் வாங்குவது இருட்டில் துழாவுவது போலத்தான்.

முதல் வகை என்று வந்தால், பணம் எடுப்பதற்கு முன்னால் தண்ணீர்க் குழாயை எடுங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் பூச்சியும் தூசியும் கம்பளி மாதிரி படிந்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் மட்டும்தான் தெரியும், அது சுத்தமாகவே இருக்கும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட வேண்டும். வண்டி கழுவும் பிரஷர் பம்பை நேராகப் பிடித்தால் தகடுகள் மடிந்து காற்றுப் பாதையே மூடிக்கொள்ளும். பின்னாளில் பொருத்திய பம்பர் கார்டு, கூடுதல் விளக்குகள் கிரில்லை மறைக்கின்றனவா, இன்ஜினுக்கு அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டு கழன்று போயிருக்கிறதா என்றும் பாருங்கள். காற்றை ரேடியேட்டருக்குள் திருப்பிவிடுவதில் அந்தத் தட்டுக்கும் பங்கு உண்டு. வேகத்தில் மட்டும் சூடாகும் வண்டிக்கு அது சின்ன விஷயம் அல்ல.

வெளியே சுத்தம், ஆனாலும் சூடு என்றால் கேள்வி இரண்டாகிறது: உள்ளே கழுவுவதா, ரேடியேட்டரையே மாற்றுவதா? கூலண்ட் துருப்பிடித்த பழுப்பு நிறத்தில் இருந்து, சேறு மாதிரி படிவு இருந்தால் ஃப்ளஷ் செய்து பார்க்கலாம். கெட்டியாகப் படிந்த உப்புக்கு ஃப்ளஷ் அவ்வளவாக உதவாது. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டரின் தொட்டியைக் கழற்றிக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய முடிந்தது. இன்றைய அலுமினியக் குழாயும் இறுக்கிப் பொருத்திய பிளாஸ்டிக் தொட்டியும் அதற்கு இடம் கொடுக்காது. காஸ்டிக் சோடா போன்ற கடுமையான ரசாயனம் அலுமினியத்தையே அரித்துவிடும். ரேடியேட்டர் பரப்பில் வெப்பமானியை நகர்த்திப் பாருங்கள். சில பட்டைகள் மட்டும் பக்கத்தைவிடத் தெளிவாக ஆறியிருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. அந்த நிலையில் ஃப்ளஷுக்குக் கொடுக்கும் கூலி வீண். புது ரேடியேட்டரே மலிவு.

இரண்டாம் வகையில் முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கிறது. வண்டியைப் பொறுத்து 82-லிருந்து 95 டிகிரிக்குள் திறக்க ஆரம்பிக்கும். முழுக்கத் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி வேண்டும். பாதியில் சிக்கிக்கொள்ளும் தெர்மோஸ்டாட் ஊருக்குள் யாரையும் தொந்தரவு செய்யாது, தூரத்தில் மட்டும் கழுத்தை நெரிக்கும். வெந்நீரில் போட்டு, பக்கத்தில் வெப்பமானி வைத்து, எத்தனை டிகிரியில் எவ்வளவு தூரம் திறக்கிறது என்று பார்த்துவிடலாம். கூலண்டை எப்படியும் இறக்கிவிட்டீர்கள் என்றால், வயதான தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பதைவிட மாற்றிவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. விலை குறைவு, அதே கூலியில் வேலையும் முடிந்துவிடும்.

கீழ் ஹோஸை அநேகர் பார்ப்பதே இல்லை. பெரும்பாலான வண்டிகளில் பம்ப் அந்த ஹோஸ் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. ரப்பர் தளர்ந்துபோயிருந்தால் வேகத்தில் உறிஞ்சும் இழுப்பில் அது ஒட்டிக்கொண்டு, வண்டி நின்றதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். சூடான இன்ஜினை 3000 ஆர்பிஎம் வரை ஏற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று அதைக் கண்ணால் பார்ப்பதுதான் வழி. வாட்டர் பம்பில் கசிவுத் துளை ஈரமாக இருந்தாலோ, பேரிங் சத்தம் இருந்தாலோ முடிவு சுலபம். இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றும் சக்கரம்) தேய்ந்தோ, தண்டில் நழுவியோ இருந்தால் வெளியே எதுவும் தெரியாது. ஆகவே மற்றவை எல்லாம் சரி, ஓட்டம் மட்டும் குறைவு என்றான பிறகே பம்பைக் கழற்றுங்கள். டைமிங் பெல்ட் சுற்றும் பம்பாக இருந்தால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், இரண்டுக்கும் கழற்றும் வேலை ஒன்றுதான்.

ரேடியேட்டர் மூடியை இந்த இரண்டு வகையிலும் சேர்க்க முடியாது, ஆனால் மறந்துவிடக் கூடாது. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால் 120 வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் அழுத்தம் இல்லாமலே 107 டிகிரி அளவில், அழுத்தத்தோடு 125-ஐயும் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். கொதித்த இடத்தில் ஆவி நிற்கும், ஆவி சூட்டை அவ்வளவாகக் கடத்தாது. எல்லாவற்றிலும் விலை குறைந்த பாகம் இது. மூடியில் அச்சடித்திருக்கும் அதே அழுத்த எண் உள்ள புதியதைப் போடுங்கள்.

குறுக்கு வழிகள்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்வது எங்கும் கிடைக்கும் யோசனை. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் பாதையை மூடும். அது இல்லாவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும், சூடான கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவரும். தூரத்தில் சூடு குறைவதற்குப் பதில் கூடலாம். மற்ற நேரங்களில் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமல் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். வெறும் தண்ணீர் ஊற்றுவது வழியில் மாட்டிக்கொண்டால் சரி, வீடு வந்து சேர உதவும். அதற்கு மேல் வைத்திருந்தால் துருவும் உப்பும் படிந்து, இன்று இல்லாத ரேடியேட்டர் அடைப்பை நாளை உண்டாக்கும். வெவ்வேறு வகைக் கூலண்டுகளைக் கலப்பதும் வேண்டாம். நிறம் ஒன்றாக இருப்பதால் வகை ஒன்றாகிவிடாது.

கசிவை அடைக்கும் திரவத்தைப் பற்றி என் கருத்து கடுமையானது. ஓட்டையை அடைக்கும் பொருளுக்கு எது ஓட்டை, எது ரேடியேட்டரின் மெல்லிய குழாய் என்று தெரியாது. ஹீட்டரும் ரேடியேட்டரும் சேர்ந்து அடைபட்ட பிறகு உண்மையான பழுதுக்கு மேல் இரண்டு பழுதுகள் சேரும். எப்படியும் கழித்துக்கட்டப் போகும் வண்டி என்றால் ஊற்றுங்கள், வைத்துக்கொள்ளும் வண்டிக்கு வேண்டாம்.

ஹெட் கேஸ்கெட்தான் என்று உறுதியானால்

இங்கே உண்மையான தெரிவுகள் மூன்று. கேஸ்கெட்டை மட்டும் மாற்றுவது, கழற்றிய ஹெட்டையும் அளந்து, சோதித்து முழு வேலையும் செய்வது, வேறு இன்ஜின் போடுவது. முதலாவதைத் தெரிவாகவே நான் எண்ணுவதில்லை. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடேறிய அலுமினிய ஹெட் கோணிப்போவது அதனால்தான். பல இன்ஜின்களுக்கு அனுமதிக்கும் கோணல் 0.05 மில்லிமீட்டர் அளவுதான், கண்ணுக்கே தெரியாது. நேர்கோலும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளக்காமல் புதுக் கேஸ்கெட் போட்டால், சில மாதங்களில் அதே நெடுஞ்சாலையில் அதே ஓரத்தில் நிற்க வேண்டிவரும்.

முழு வேலை என்றால் ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் சோதனை, தேவைப்பட்டால் ஃபேஸிங் (தளத்தை இழைத்துச் சமமாக்குவது), பிளாக்கின் மேல்தளத்தையும் அளப்பது, புது ஹெட் போல்ட்டுகள், சரியான வரிசையில் சரியான டார்க் (முறுக்கும் விசை). இழுபட்டு நீளும்படி செய்த போல்ட்டை மறுபடி போடக் கூடாது. ஃபேஸிங்குக்கும் எல்லை உண்டு, ஹெட்டின் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஆயில் குடிக்காமல், கம்ப்ரஷன் நன்றாக இருக்கும் இன்ஜின் என்றால் நான் தயங்காமல் இதைத்தான் செய்வேன், செய்தும் இருக்கிறேன்.

பழைய இன்ஜின் ஒன்றை வாங்கிப் போடுவது விரைவாக முடியும், ஆனால் அதன் பழைய வாழ்க்கை உங்களுக்குத் தெரியாது. அதுவும் ஒருகாலத்தில் சூடேறி நின்றதாக இருக்கலாம். விரிசல் பிளாக் வரை போயிருந்தாலோ, பிஸ்டன் ரிங்கும் தேய்ந்திருந்தாலோ மட்டும் அதை யோசியுங்கள். அப்போதும் ஓட்டிக் காட்டக்கூடிய நிலையில் இருக்கும் இன்ஜினாகப் பார்த்து, மேலே சொன்ன சோதனைகளை அதற்கும் செய்த பிறகே பணம் கொடுங்கள்.

எந்த வேலை செய்திருந்தாலும் கடைசியில் ஏர் லாக் (கூலண்ட் பாதையில் சிக்கிய காற்று) எடுப்பதில் அவசரப்படக் கூடாது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வண்டியின் மூக்கை உயர்த்தி நிறுத்தி, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழி நிற்கும் வரை நிரப்ப வேண்டும். ஹெட்டுக்குள் நிற்கும் காற்றுப் பை, நன்றாகப் பழுது பார்த்த வண்டியையும் சூடாக்கிக் காட்டும், மறுபடி பாகம் பாகமாக மாற்றத் தூண்டும். கீழே சிந்திய கூலண்டைக் கழுவிவிடுங்கள். அது நஞ்சு, நாய், பூனை நக்கிவிடும்.

முதல் தூரப் பயணத்துக்கு ஓபிடி கருவியைச் செருகிக்கொண்டு, நடுநடுவே ஓரமாக நிறுத்தி எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வேகத்தில், பழைய லோடில் ஒரு மணி நேரம் ஓடியும் எண் ஒரே இடத்தில் நின்றால் வேலை முடிந்தது. நடுவில் ஏற ஆரம்பித்தால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, லோடைக் குறைத்து, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்கள். குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள், அதற்குப் பிறகும் மேல் ஹோஸ் விறைப்பாக இருந்தால் இன்னும் காத்திருங்கள். ஊர் திரும்பியதும் அந்த நீலத் திரவத்தை இன்னொருமுறை எடுங்கள்.